மரவள்ளிப் பானைக்கு மூடி போடாதீர்கள்

இலங்கை மலையகப் பாடசாலைகளின் உணவு வேளைக்கும், தோட்டப் பிள்ளைக் காம்பராக்களின் (பிள்ளை பராமரிப்பு நிலையங்களின்) சமையலுக்கும் பொறுப்பாயிருக்கும் அதிபர்கள், தோட்ட நிர்வாகத்தார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், பெற்றோர் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றி நம் சமையலறைகளில் இரண்டு வாய்மொழி உத்தரவுகள் நடமாடுகின்றன. "கிழங்கே வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது" என்பது ஒன்று. "கிழங்கு அவிக்கலாம், அன்றைக்கு இஞ்சி மட்டும் சேர்க்கக்கூடாது" என்பது மற்றது. முதலாவது உத்தரவு, குறைந்த செலவில் வயிறு நிறைக்கும் ஒரு சாப்பாட்டைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. இரண்டாவது அதைவிட மோசமானது. இஞ்சியைத் தள்ளிவைத்த நிம்மதியில், கிழங்கை எப்படி வெட்டினோம், எந்தத் தண்ணீரில் அவித்தோம், அந்தத் தண்ணீரை என்ன செய்தோம் என்று எவரும் கேட்பதில்லை. நஞ்சு இருக்கிறதா, போனதா என்பதைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான்.

நாங்கள் பயிர், உணவு, ஆரம்ப சுகாதாரம் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். கிழங்கைத் தடை செய்யச் சொல்லி எழுதவில்லை. அதை ஒழுங்காக அவிக்கும் முறையை எழுத்தில் கொடுங்கள், அப்படி அவிக்கத் தேவையான நேரம், பானை, விறகு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் நஞ்சைப் பற்றி. மரவள்ளிக்குள் சயனைட் என்ற அந்த நஞ்சு தனியாகக் கிடப்பதில்லை. லினமரின் என்ற பொருளுக்குள், சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. லோட்டஸ்ட்ராலின் என்ற இன்னொன்றும் சிறிதளவு உண்டு. லினமரினை உடைக்கக்கூடிய லினமரேஸ் என்ற நொதியமும் அதே கிழங்கில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். லினமரின் கலத்தின் உள்ளே புன்வெற்றிடம் என்ற சிறு பையிலும், நொதியம் வெளியே கலச்சுவரிலும் இருக்கின்றன. கிழங்கு முழுதாக இருக்கும் வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தியோ பல்லோ பட்டுக் கலம் உடைந்தால் சந்திக்கும். நொதியம் சர்க்கரையை வெட்டிவிடும். மிஞ்சுவது அசெற்றோன் சயனோஐதரின். அதுவும் சூடு பட்டால் பிரிந்து ஐதரசன் சயனைட் வெளியேறும். பூச்சிக்கும் எலிக்கும் எதிராகச் செடி வைத்திருக்கும் பாதுகாப்பு இது. காட்டுப்பன்றி இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை என்பது தோட்டம் போட்ட எவருக்கும் தெரியும்.

இந்த ஐதரசன் சயனைட் ஏறக்குறைய 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். லினமரின் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதாவது நஞ்சு வெளியே போகத் தயாராகவே இருக்கிறது. போகவிடாமல் பிடித்து வைப்பவர்கள் நாம்தான், அதுவும் மூன்று வழிகளில்.

பெரிய துண்டாக வெட்டுவது முதலாவது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் இதை அளந்து காட்டியிருக்கின்றன. 2 கிராம் துண்டுகளாக அவித்தால் நஞ்சில் சுமார் கால் பங்குதான் கிழங்கில் மிஞ்சியது. 50 கிராம் துண்டுகளாக அவித்தபோது சுமார் முக்கால் பங்கு அப்படியே இருந்தது. கிழங்கும் ஒன்று, அடுப்பும் ஒன்று. மாறியது கத்தி மட்டுமே. 50 கிராம் துண்டு என்றால் எது என்று கேட்டால், நாம் வழக்கமாகச் சம்பலோடு வைக்கும் துண்டில் சின்னது. 2 கிராம் என்பது சுண்டுவிரல் நுனி அளவு.

கொதிக்கிற தண்ணீரில் கிழங்கைப் போடுவது இரண்டாவது. அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். கொதிநீர் பட்டதும் நொதியம் செத்துவிடும், லினமரின் சூட்டில் அவ்வளவு லேசில் அழியாது. வெட்டுகிற ஆளைக் கொன்றுவிட்டு வெட்டவேண்டிய கட்டை அப்படியே விட்ட கதை. பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால், தண்ணீர் கொதிநிலைக்கு வருவதற்குள் நொதியத்துக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். அதே நேரத்தில் லினமரினும் கரைந்து தண்ணீருக்கு வரும்.

மூன்றாவது, மூடி. கிழங்கு சீக்கிரம் வேகும், விறகு மிச்சம் என்று மூடுகிறோம். ஆவியோடு போகவேண்டியது மூடியில் பட்டு, வியர்த்து, மறுபடி பானைக்குள் சொட்டுகிறது. மூடியைத் திறந்து வைப்பதோடு சமையலறைக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். பழைய காம்பராக்களில் புகைபோக்கி அடைத்துக் கிடப்பது பலருக்கும் தெரிந்த விஷயம்.

துண்டின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஈரக் கிழங்கில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக ஐதரசன் சயனைட் இருந்தால் அதை "இனிப்பு" வகை என்று சர்வதேச உணவுத் தராதரம் சொல்கிறது. 20 கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளை 150 கிராம் கிழங்கு சாப்பிடுகிறது என்று வைப்போம். கிழங்கு அந்த எல்லையிலேயே இருந்தால், பச்சையில் அதற்குள் இருப்பது 7.5 மில்லிகிராம். சின்னத் துண்டாக அவித்தால் மிஞ்சுவது 1.9 அளவில். பெரிய துண்டாக அவித்தால் 5.6. உணவுச் சேர்மானங்களை மதிப்பிடும் உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு, ஒரு நாளில் தாண்டக்கூடாத அளவாக உடல் நிறையின் கிலோவுக்கு 0.09 மில்லிகிராம் என்று 2011 இல் வைத்தது. இந்தப் பிள்ளைக்கு அது 1.8 மில்லிகிராம். சின்னத் துண்டு அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. பெரிய துண்டு அதைப்போல் மூன்று மடங்கு. இது சாவுக்கோடு அல்ல. போதிய இடைவெளி விட்டு இழுத்த பாதுகாப்புக் கோடு. விழுங்கிய லினமரினில் ஒரு பகுதி உடையாமலே சிறுநீரில் போய்விடும் என்பதும் உண்மை. ஆனாலும் பிள்ளைக்கு உணவு கொடுக்கும் இடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் முறை. சின்னத் துண்டோடு நிறையத் தண்ணீரும் மூடாத பானையும் சேர்ந்தால் அது முடியும்.

இனி, நாற்பது பிள்ளைக்கு அவிக்கும் முறை. தோல் நீக்கி ஆறு கிலோ வேண்டும் என்றால் எட்டுக் கிலோ வாங்க வேண்டியிருக்கும். மேலே காகிதம் போன்ற மண்ணிறத் தோல். அதன் கீழே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தடித்த பட்டை. இரண்டும் போக வேண்டும். நஞ்சு சதையைவிடப் பட்டையில் பல மடங்கு அதிகம், அதனால் கரண்டியால் சுரண்டி மண்ணிறத்தை மட்டும் எடுப்பது தோல் உரித்ததாகாது. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி முனையை உள்ளே விட்டுத் திருகினால், புதுக் கிழங்கில் பட்டை முழுசாகக் கழன்று வரும். இரு நுனிகளையும் வெட்டி எறியுங்கள். குறுக்கே வெட்டி, நான்காகப் பிளந்து, நடு நரம்பை உருவிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துண்டு போடுங்கள். இவ்வளவு கிழங்குக்கும் இது இருவர் ஒரு மணித்தியாலம் செய்யும் வேலை. அதை மறைத்து எழுதினால் அடுத்த வாரமே துண்டு பெரிதாகிவிடும்.

வெட்டியதை இரண்டு தடவை கழுவி, தண்ணீரில் ஊறவிடுங்கள். முந்தின இரவே ஊறவைக்க முடிந்தால் நல்லது, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவிக்கும்போது கிழங்கின் நிறைக்கு ஐந்து மடங்கு தண்ணீர். ஆறு கிலோவுக்கு முப்பது லீற்றர். அதனால் ஒரே பானையில் முடியாது, இரண்டு பானை அல்லது இரண்டு தடவை. பச்சைத் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் கொதிக்கவிட்டு, கொதி வந்து பத்து நிமிடத்தில் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டுங்கள். பிறகு வேறு சுடுதண்ணீர் ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டு, கரண்டி வைத்தால் உடையும் பதம் வரை அவித்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். மஞ்சள் நிறத்துக்கும் மணத்துக்கும்தான், நஞ்சை முறிக்காது. வடித்த தண்ணீரைக் குழம்புக்கு எடுப்பது, சம்பல் கரைப்பது, "சத்து வீணாகிறதே" என்று சொதியில் சேர்ப்பது எதுவும் கூடாது. மாட்டுக்கும் ஊற்றாதீர்கள். ஈரத் தோலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவது நம்மில் சாதாரணம். அசைபோடும் மிருகத்தின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் லினமரினை வேகமாக உடைப்பதால், நம்மைவிட அவைதான் சுலபமாக விழும்.

வெந்த ஒரு துண்டைச் சமைத்தவர் முதலில் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, பானை முழுவதையும் கொட்டிவிடுங்கள். மறுபடி அவித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கசக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல கிழங்கு என்று முடிவு கட்டவும் கூடாது.

இதில் நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகை அளவு. கீழ்நாட்டில் இருபது நிமிடத்தில் வேகும் கிழங்கு இங்கே இன்னும் நேரம் கேட்கும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் மூடி போடுகிறோம். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து இறக்க வேண்டாம், பதத்தைப் பார்த்து இறக்குங்கள். பிரஷர் குக்கரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆவியும் தண்ணீரும் உள்ளேயே அடைபடும் பாத்திரம் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. திறந்த பானையில் முதல் தண்ணீரைக் கொட்டிய பிறகு, வேகவைக்க மட்டும் அதை எடுக்கலாம்.

பொரித்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலானது. பொரித்தாலும் சுட்டாலும் ஆவியில் வேகவைத்தாலும் எண்பது வீதத்துக்கு மேல் மிஞ்சுவதாக அதே திருவனந்தபுரம் ஆய்வுகள் காட்டுகின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் லினமரின் எங்கே கரைந்து போகும்? கடையில் விற்கும் மரவள்ளிச் சிப்ஸுக்கு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2009 இல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று தனி எல்லையே வைக்க வேண்டியதாயிற்று. இடைவேளைத் தின்பண்டமாக மரவள்ளிச் சிப்ஸ் விற்கும் சிற்றுண்டிச்சாலைகளை மேற்பார்வை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இலையைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். கொழுந்திலையில் நஞ்சு கிழங்கைவிடப் பல மடங்கு, ஆனால் நொதியமும் ஏராளம். அதனால் இடித்தால் விரைவாகப் போய்விடும். உரலில் நன்றாக இடித்து, விரித்து வைத்து, இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து, பிறகு திறந்த சட்டியில் அவித்துச் சுண்டல் செய்யுங்கள். முழு இலையை நறுக்கி, எண்ணெயில் வதக்கி இறக்குவது பிள்ளைகளுக்கு ஆகாது.

இப்போது கொள்வனவு. மரவள்ளி குளிரைத் தாங்காது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துச் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி குருநாகல், மொனராகலை போன்ற சூட்டுப் பிரதேசங்களில் விளைந்து லொறியில் மேலே ஏறுவது. பிடுங்கிய கிழங்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கெட ஆரம்பித்துவிடும். நாம் வாங்கும்போது அதற்கு எத்தனை நாள் வயது என்று கடைக்காரருக்கே தெரியாது. குறுக்கே உடைத்துப் பாருங்கள். சதை முழுவதும் சுத்த வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். பட்டைக்குச் சற்று உள்ளே, வட்டமாக நீலமும் கறுப்பும் கலந்த புள்ளிகள் தெரிந்தால், நீளவாக்கில் பிளக்கும்போது அவை நரம்பு நரம்பாக ஓடுவது தெரியும். "நீலம் பாய்ந்த கிழங்கு, அதுதான் விஷம்" என்பார்கள். அந்த நீலம் சயனைட் அல்ல. காயம்பட்ட கிழங்கில் ஊறும் ஸ்கோபொலெற்றின் என்ற பொருள் காற்றுப்பட்டு மாறும் நிறம் அது. வேடிக்கை என்னவென்றால், சயனைட் என்ற பெயர் பிறந்ததே நீலத்தில்தான். சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே 1782 இல் இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தது பிரஷ்யன் நீலம் என்ற சாயத்திலிருந்து. அமிலத்துக்கு நிறம் கிடையாது. எப்படியோ, காரணம் பிழை என்றாலும் முடிவு சரி. நீலம் பாய்ந்த கிழங்கு பழங்கிழங்கு. அதைப் பிள்ளைகளின் பானையில் போட வேண்டாம். ஆனால் நீலம் இல்லை என்பதால் அவிப்பதில் சுருக்கு வழி எடுக்கவும் கூடாது. நஞ்சு அதிகமுள்ள கிழங்கும் பால்போல வெள்ளையாகவே இருக்கும்.

வறட்சியில் நஞ்சு கூடும். மழை பொய்த்த மாதங்களில் வரும் கிழங்கை ஒரே வகை, ஒரே விற்பனையாளர் என்பதற்காகப் போன முறை போலவே இருக்கும் என்று எண்ணக்கூடாது. முளை விட்டது, நுனி அழுகியது, எலி கடித்தது எல்லாவற்றையும் திருப்பி அனுப்புங்கள். உரித்து வெட்டித் தண்ணீரில் போட்டு விற்பதை வாங்கவே வேண்டாம். எப்போது பிடுங்கியது, எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

இஞ்சிக்கு வருவோம். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சிப் பிளேன்டீ குடித்தால் ஆள் செத்துவிடுவான் என்ற நம்பிக்கை இந்த நாட்டில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இஞ்சியிலுள்ள ஏதோ ஒன்று லினமரினை உடைத்துச் சயனைட்டை வேகமாக விடுவிக்கிறது என்று அதற்கு விஞ்ஞான விளக்கமும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த விளக்கத்தை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அப்படியே ஆனாலும், ஒழுங்காக அவித்த கிழங்கில் இஞ்சி உடைப்பதற்கு லினமரின் அதிகம் மிஞ்சியிருக்காது. அரைகுறையாக அவித்த கிழங்கிலோ இஞ்சியே தேவையில்லை, நம் குடலிலுள்ள நுண்ணுயிர்களே உடைத்துவிடும். ஆக இஞ்சியைத் தவிர்ப்பதால் நட்டமில்லை. வீட்டில் தவிர்ப்பவர்களோடு நாங்கள் சண்டை பிடிக்கப் போவதும் இல்லை. பாட்டி சொன்னால் பாட்டி சொன்னபடி இருக்கட்டும். ஆனால் அரச அறிவுறுத்தலிலும் தோட்ட அறிவுறுத்தலிலும் அது ஒன்றே வரியாக இருந்தால், "இஞ்சி போடவில்லையே, பிறகு ஏன் வாந்தி எடுக்கிறாள்" என்று நின்று யோசிக்கும் நேரத்தில் பிள்ளையின் நிலைமை மோசமாகிவிடும்.

மரவள்ளியின் பழைய ஊரில் இந்த மாதிரிக் குழப்பம் இல்லை. அமேசன் காட்டு மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கசப்பு வகையையே விரும்பிப் பயிரிட்டு வந்தார்கள். கிழங்கைத் துருவி, திப்பித்தி என்ற நீண்ட ஓலைப்பின்னல் குழாயில் அடைத்து, மேல்முனையை மரத்தில் மாட்டி, கீழ்முனையில் பாரத்தைத் தொங்கவிடுவார்கள். குழாய் நீள நீள உள்ளே நெருக்கி, நஞ்சுச் சாறு கீழே சொட்டும். மிஞ்சிய மாவைத் தட்டுக் கல்லில் ரொட்டியாகச் சுடுவார்கள். அந்தச் சாற்றையும் வீணாக்காமல், நெடுநேரம் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிக் குழம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். மேற்கு ஆபிரிக்காவில் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்துக் காரி என்ற மாவாக்குகிறார்கள். எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான். கலத்தை உடை, தண்ணீரோடு போகவிடு, ஆவியோடு போகவிடு. மரவள்ளியிலிருந்து செய்யும் சேலத்து ஜவ்வரிசியில் நஞ்சு இல்லாததற்கும் காரணம் கிழங்கை அரைத்து, மாவைத் தண்ணீரில் கழுவி எடுப்பதே.

இலங்கைக்கு இந்தக் கிழங்கை 1786 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிராஃப் மொரிசியஸிலிருந்து கொண்டுவந்தார் என்று பதிவு இருக்கிறது. கிழங்கு வந்தது, திப்பித்தி வரவில்லை. செடி கடல் கடக்கும்போது அதைச் சமைக்கும் அறிவு பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடுகிறது. மலையகத்தில் மரவள்ளியின் பெயர் 1973, 74 பஞ்சத்தோடு பிணைந்து கிடக்கிறது. மா இல்லை, அரிசி இல்லை, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்த காலம் அது. 2022 பொருளாதார நெருக்கடியில் கிழங்கு மறுபடி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்புக்கு வந்தது. பஞ்சகாலத்தில்தான் மரவள்ளி ஆளைச் சாய்க்கும் என்பதை வேறு நாடுகளிலும் பார்த்திருக்கிறார்கள். பசி அவசரப்படுத்தும், அவசரத்தில் ஊறவைக்கும் நாட்கள் குறையும்.

மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1981 வறட்சியின்போது 1,100 பேருக்கு மேல் திடீரென்று கால் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர். கொங்கோவின் யாக்கா மொழியில் "கட்டிய கால்" என்று பொருள். ட்ரொலி என்ற வைத்தியர் அங்கே 1938 இலேயே இதைப் பதிவு செய்திருந்தார். அந்தக் கால் மறுபடி நிமிர்வதில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. நஞ்சு சரியாகப் போக்காத கிழங்கை வாரக்கணக்கில் தின்றது ஒன்று, அதோடு புரதம் எதுவும் இல்லாமற் போனது மற்றது.

இந்த இரண்டாவது காரணம் நம் தட்டுக்கு நேராகப் பொருந்தும். சயனைட் கலத்துக்குள் போய், ஒட்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியிலுள்ள நொதியத்தை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இருந்தும் கலத்துக்குப் பயனில்லை. சிறு அளவில் வந்தால் உடல் அதோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேற் ஆக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் புரதத்திலிருந்துதான் வர வேண்டும். வெறும் கிழங்கும் கட்டச் சம்பலும் கொடுத்தால் கந்தகம் எங்கிருந்து வரும்? மரவள்ளி அவிக்கும் நாளில் ஒரு முட்டையோ, நெத்தலிக் கருவாடோ, கெட்டியான பருப்போ கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மரவள்ளி வேண்டாம். தயோசயனேற் அயடீனைத் தைரொயிட் சுரப்பிக்குள் போகவிடாமல் தடுப்பதால், உப்பு அயடீன் கலந்த உப்பாகவே இருக்கட்டும். மூட்டையாக மலிவில் வரும் கல்லுப்பு பிள்ளைகளின் சமையலறைக்கு வேண்டாம்.

ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது? சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் தலைச்சுற்று, தலையிடி, வாந்தி, வயிற்றுவலி, கைகால் சோர்வு, வேகமான மூச்சு வரலாம். உகண்டாவின் கசேசே மாவட்டத்தில் 2017 செப்டெம்பரில் மரவள்ளி மாவினால் 98 பேர் பாதிக்கப்பட்டு இருவர் இறந்தபோதும் பலருக்குத் தொடக்கம் வாந்தியும் தலைச்சுற்றும்தான். "வாயு, கொஞ்ச நேரத்தில் சரியாகும்" என்று படுக்கவைக்கும் அறிகுறிகள் இவை. தூக்கம், வலிப்பு, மயக்கம் என்று போனால் நேரம் மிகக் குறைவு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால், புளித்தண்ணி, தேங்காய்ப்பால் எதையும் ஊற்றாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சொல்லவேண்டியவை மூன்று: மரவள்ளி சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள். ஒட்சிசன் உடனே தேவைப்படும். முறிவு மருந்துகளும் இருக்கின்றன. அவற்றில் ஐதரொட்சொகோபாலமின் சயனைட்டைப் பிடித்துக்கொண்டு விற்றமின் பி12 ஆக மாறிவிடும், சோடியம் தயோசல்பேற் மேலே சொன்ன அதே கந்தகத்தைக் கொடுக்கும். உங்கள் பகுதியில் எந்த வைத்தியசாலையில் இவை இருக்கின்றன என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு, முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். மலைப்பாதையில் தவறான பக்கம் போன வாகனம் திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆகலாம்.

எல்லாவற்றையும் மரவள்ளியின் தலையில் போடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. பிலிப்பைன்ஸின் போகோல் தீவில் 2005 மார்ச்சில் மரவள்ளித் தின்பண்டம் சாப்பிட்ட 27 பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். முதலில் எல்லோரும் கிழங்கு நஞ்சு என்றே நம்பினார்கள். பரிசோதனையில் கண்டது காபமேற் வகைப் பூச்சிமருந்து. மரக்கறித் தோட்டமும் மருந்துத் தகரமும் சமையலறையும் அடுத்தடுத்து இருக்கும் நம் ஊருக்கு இது சும்மா ஒரு வெளிநாட்டுச் செய்தி அல்ல. எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டி, கண்ணின் மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வைத்தியம் வேறு. ஆகவே ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு கையளவை மூடிய போத்தலில் போட்டுத் திகதி எழுதி, மறுநாள் வரை குளிரில் வையுங்கள். வாந்தியையும் கழுவிவிடாமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மருந்து அடித்த சாக்கில் கிழங்கு கட்டி வந்தால் சாக்கோடு திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம். சந்தைக்கு வரும் கிழங்கில் நஞ்சு எவ்வளவு என்று அளப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பிக்ரேட் தாள் என்ற மஞ்சள் தாளை, அரைத்த கிழங்கு இருக்கும் சிறு போத்தலுக்குள் ஓர் இரவு மூடி வைத்தால், சயனைட் கூடக் கூடத் தாள் மண்ணிறமாகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டிய வேலை இது, பாடசாலையில் அல்ல. வறட்சி மாதங்களில் மட்டுமாவது ஹற்றன், நுவரெலியா, பதுளைச் சந்தைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கவும், முடிவைப் பாடசாலைகளுக்கு அனுப்பவும் சுகாதாரப் பகுதியினர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்தது சமையல் செய்யும் அக்காமார். தவறு நடந்தால் முதல் விரல் அவர்களை நோக்கித்தான் நீளுகிறது. அவர்கள் கிழங்கைப் பெரிதாக வெட்டுவதும், கொதிதண்ணீரில் போடுவதும், மூடுவதும், தண்ணீரைக் கொட்டாமல் விடுவதும் அறியாமையால் மட்டும் அல்ல. ஆறு மணிக்கு வந்து ஏழரைக்குள் தட்டு வைக்க வேண்டும். ஒரே பானை. குழாயில் தண்ணீர் வருவது ஒரு மணித்தியாலம். விறகு அளந்து வரும். இந்த நிலைமையில் நாங்கள் மேலே எழுதிய முறையைப் பின்பற்றச் சொல்வது அநியாயம். மரவள்ளியைக் காலை உணவிலிருந்து மதிய உணவுக்கு மாற்றுங்கள். வெட்டுவதற்கு இன்னொரு ஆளுக்கு அன்றைய கூலி கொடுங்கள். முப்பது லீற்றர் பிடிக்கும் இரண்டாவது பானை ஒன்று வாங்குங்கள். இவை முடியாத நிலையத்தில் மரவள்ளி அவிக்க வேண்டாம், அந்த நாளுக்கு உருளைக்கிழங்கோ கடலையோ கொடுங்கள்.

இரண்டு முறை தண்ணீர் மாற்றி, மூடாமல் அவித்தால் விறகு ஏறக்குறைய இரு மடங்கு போகும். அந்த விறகுக் காசு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் பயிர், உணவு, சுகாதாரப் பணிகளில் இருப்போர்